லாரிப் பட்டையில் அடித்த கொடுவாள் தோய்ச்சலில் 'டிக்' என்று விட்டுவிட்டது. தப்பு எங்கே?

பின்கட்டுப் பட்டறை (துடியலூர்), ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆறேழு மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையாக இருந்த பத்துக்குப் பன்னிரண்டு இடம்தான் என் பட்டறை. பகலில் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை, ஞாயிறும் சில ராத்திரிகளும்தான் நமக்கு மிச்சம். இதுவரை செய்ததெல்லாம் கேட், ஜன்னல் கிரில், மாமனார் வீட்டுக்கு ஒரு ஊஞ்சல் சட்டம். வெட்டி ஒட்டுகிற வேலை. இரும்பைக் காய்ச்சி அடித்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

லாரி பிரேக் டிரம்மில் உலை கட்டினேன். பழைய ப்ளோயர் ஒன்று காற்றுக்கு, சீமைக்கருவேலக் கரி நெருப்புக்கு. பட்டறைக்கல்லாகத் தண்டவாளத் துண்டு. பழைய இரும்புக் கடையில் லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்தது, 70 மி.மீ அகலம், 10 மி.மீ கனம். அதில் பதினான்கு அங்குலம் வெட்டி, தென்னை மட்டை சீவுகிற கொடுவாள் ஒன்று அடித்தேன். நான்கு ஞாயிறு போனது. வடிவம் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

கிரைண்டரில் வாயை, அதாவது வெட்டுகிற விளிம்பை, காகிதம் போல மெலிசாக்கிவிட்டேன். அப்புறம் இன்று காலை பதினோரு மணிக்கு வாசலில் உலையை வைத்து, நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சினேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி, பதம் வந்துவிட்டது என்று தோய்ச்சலுக்காக, அதாவது சட்டென்று குளிர்ந்து இறுக, பக்கெட் தண்ணீரில் முக்கினேன். சீற்றத்துக்கு நடுவில் சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம். தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு முறுமுறுப்புக் குறைய அடுப்படி ஓடிஜியில் (கேக் சுடுகிற மின் அடுப்பு) 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் உப்புத்தாள் போட்டால் வாயிலிருந்து உள்ளே இரண்டு செ.மீ நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் நெருடினால் தட்டுகிறது.

தண்ணீர் தப்பா, பட்டை பழசா, என் கை தப்பா? படம் இணைத்திருக்கிறேன்.

சம்மட்டி72 (சேலம்), ஞாயிறு இரவு 9.58

தண்ணீர்தான். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மானாமதுரைக்காரன், ஞாயிறு இரவு 10.31

சம்மட்டி அண்ணே, ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் அப்பா நாற்பது வருடமாக லாரிப் பட்டையில்தான் அருவாள் அடிக்கிறார், தண்ணீரில்தான் தோய்க்கிறார். எங்களுக்குப் பக்கத்தில் திருப்பாச்சேத்தி. அருவாளுக்குப் பேர் போன ஊர். அங்கே போய் 'எண்ணெய்' என்றால் தாளிக்கவா என்று கேட்பார்கள்.

ஆனால் அவர்கள் முழு அலகையும் முக்குவதில்லை. வாய்ப்பக்கம் மட்டும், ஒரு விரற்கடை ஆழம், முக்கி உடனே எடுப்பார்கள். முதுகில் சூடு அப்படியே இருக்கும். எடுத்ததும் வாயில் ஒரு இடத்தை மணலில் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். முதுகுச் சூடு வாயை நோக்கி இறங்கும்போது அந்த வெளுப்பில் மஞ்சள் ஓடும், பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ நிறம். வேண்டிய நிறம் வந்ததும் மறுபடி தண்ணீர். ஓடிஜி வேலையும் தோய்ச்சல் வேலையும் அந்த ஒரே சூட்டில் முடிந்துவிடும். தம்பி செய்தது முழுக்கு. அதனால் தண்ணீர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

சுடுபதம் (ஓசூர்), திங்கள் காலை 6.15

ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஊகித்துக்கொண்டே இருந்தால் இந்த இழை நாற்பது பக்கம் ஓடும். அந்தக் கொடுவாள் எப்படியும் போனதுதான். கீறல் உள்ள இடத்திலேயே உடையுங்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை முறிந்த முகமே சொல்லிவிடும்.

கீறல் ஓடிய பகுதி கருப்பாக, செதில் படிந்து இருந்தால் அது நீங்கள் காய்ச்சுவதற்கு முன்பே பட்டையில் இருந்த விரிசல். லாரியில் லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த பட்டையில் அது சகஜம். உலைச் சூட்டில் உள்ளே காற்று புகுந்து கருத்திருக்கும். லேசான மஞ்சளாக இருந்தால் தோய்ச்சலில் விட்டது. ஓடிஜிக்குப் போகும்போதே வாய் திறந்திருந்ததால் அங்கே நிறம் ஏறியிருக்கும். பளிச்சென்று புதுச் சாம்பல் நிறமாக இருந்தால் ஓடிஜிக்குப் பிறகு, நீங்கள் தேய்க்கும்போதோ தட்டும்போதோ விட்டது.

கூடவே மணியை, அதாவது எஃகுக்குள் இருக்கிற துகளின் அளவை, பாருங்கள். நன்றாகப் பதம் பிடித்த எஃகு உடைந்த இடம் விபூதி தடவினாற்போல் மங்கலாக இருக்கும். சூடு மிஞ்சியிருந்தால் ரவை ரவையாக மினுங்கும்.

வைஸில் இறுக்கி, மேலே சாக்கைச் சுற்றி அடியுங்கள். கண்ணாடி கட்டாயம். இந்த நிலையில் எஃகு, பாட்டில் மாதிரித் தெறிக்கும்.

பின்கட்டுப் பட்டறை, திங்கள் காலை 7.02

நான்கு ஞாயிறு, அண்ணா! சரி, மனசைத் தேற்றிக்கொண்டு இன்று ராத்திரி உடைக்கிறேன்.

ரசவாதி, திங்கள் காலை 11.20

இடையில் ஒரு சந்தேகம். தண்டவாளத் துண்டு என்கிறீர்களே, எங்கே வாங்கினீர்கள்? ரசீது இருக்கிறதா? ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 என்று ஒன்று இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்கியதற்குத் தாள் இல்லாவிட்டால், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது நீங்கள்தான். என் நண்பர் ஒருவர் இதற்காக இரண்டு நாள் அலைந்தார்.

பின்கட்டுப் பட்டறை, திங்கள் பகல் 1.10

தாள் இருக்கிறது அண்ணா. மில்லுக்குப் பழைய இரும்பு எடுக்கிறவர் மூலம் பில்லோடு வாங்கியது. மீட்டருக்கு 52 கிலோ வருகிற ரயில், இரண்டடி. அதாவது கிட்டத்தட்ட முப்பத்திரண்டு கிலோ.

சம்மட்டி72, திங்கள் பகல் 1.45

அதைப் படுக்க வைத்திருக்கிறாயா, நிறுத்தி வைத்திருக்கிறாயா? படத்தில் படுத்திருக்கிறது. படுக்க வைத்தால் அடிக்கு நேர் கீழே இருப்பது மெலிந்த இடுப்புப் பகுதி. அடிக்கிற பலத்தில் பாதி துள்ளலிலேயே போய்விடும். நிறுத்தி, மரக்கட்டையில் பாதி புதைத்து வை. மேலே கிடைப்பது உள்ளங்கை அகலம்தான், ஆனால் இரண்டடி இரும்பு முழுவதும் சுத்தியலுக்குக் கீழே நிற்கும். கணீர் கணீர் என்ற சத்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டிவிடு. பக்கத்து வீட்டுக்காரர் பேச ஆரம்பிப்பார்.

கேட்டு_கிரில் (திருச்சி), திங்கள் மாலை 4.30

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ப்ளோயரிலிருந்து டிரம்முக்குப் போகிற குழாய் ஜிஐ பைப்பா? பளபளப்பு அப்படித்தான் தெரிகிறது.

ஆம் என்றால் இன்றே கழற்றிப் போடுங்கள். மேல்பூச்சு துத்தநாகம். 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் ஆவியாகும். உலைக்கு அடியில் அந்தச் சூடு வந்துவிடும். நான் பட்டது சொல்கிறேன்: ஒரு கடைக்கு ஜிஐ பைப்பில் கூரைச் சட்டம் அடித்தேன். அவசர வேலை, பூச்சைத் தேய்த்து எடுக்காமல் நாள் முழுக்க வெல்டிங். வெள்ளைப் புகை, பஞ்சு மாதிரித் தூள் பறக்கிறது. வாயில் இனிப்பாக ஒரு ருசி. ராத்திரி எட்டு மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது, இரண்டு போர்வை போதவில்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தேன். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. பால் நல்லதுதான், ஆனால் நுரையீரலுக்குள் போனதைப் பால் எப்படி எடுக்கும்? கருப்பு எம்எஸ் பைப் (பூச்சில்லாத சாதா இரும்புக் குழாய்) போடுங்கள்.

பின்கட்டுப் பட்டறை, திங்கள் இரவு 10.50

முதலில் கேட்டு அண்ணாவுக்கு: ஜிஐதான். கழற்றிவிட்டேன். நன்றி.

இப்போது பிரேதப் பரிசோதனை. வைஸில் வைத்து மூன்றாவது அடியில் போனது. சத்தம் எஃகு உடைகிற மாதிரி இல்லை, ஓடு உடைகிற மாதிரி இருந்தது.

முகத்தைக் குழல் விளக்கடியில் பார்த்தேன். வாயிலிருந்து இரண்டு செ.மீ வரை காய்ந்த வைக்கோல் மாதிரி லேசான மஞ்சள். அதோடு சட்டென்று நின்று, மீதி முகம் சாம்பல் நிறம். கருப்பு எங்கேயும் இல்லை. ஆனால் அந்தச் சாம்பல் மங்கலாக இல்லை. திருப்பத் திருப்ப மினுக்குகிறது. என் மகள் எட்டிப் பார்த்து 'உப்புமா ரவை மாதிரி இருக்குப்பா' என்றாள். நீங்கள் சொன்ன வார்த்தையே அவள் வாயில் வந்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மஞ்சள் தொடங்குகிற இடத்தில் கிரைண்டர் டிஸ்க் குறுக்காக இழுத்த ஆழமான கோடு ஒன்று. கீறல் சரியாக அந்தக் கோட்டிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது.

சுடுபதம், செவ்வாய் காலை 6.05

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். பட்டையின் மேல் குற்றமில்லை. விட்டது தோய்ச்சலில். ஆனால் தண்ணீர் கடைசிக் கை மட்டும்தான். அதற்கு முன்பே மூன்று பேர் வேலையைக் கெடுத்துவிட்டார்கள்.

முதல் ஆள் சூரியன். பதினோரு மணி வெயிலில் ஆரஞ்சாகத் தெரிகிற இரும்பு, இருட்டறையில் மஞ்சளாக எரியும். அதாவது நீங்கள் நினைத்ததைவிட நூறு இருநூறு டிகிரி மேலே போயிருக்கிறீர்கள். காந்தம் பொய் சொல்லவில்லை. இரும்பு காந்தத்தை விடுவது 770 டிகிரியில். அதைத் தாண்டிவிட்டோம் என்று மட்டும்தான் காந்தம் சொல்லும், எவ்வளவு தாண்டினோம் என்று சொல்லாது. ஆரஞ்சு வந்த பிறகு காந்தம் வைப்பது, பஸ் போன பிறகு நேரம் பார்ப்பது மாதிரி. சிவப்பு வரத் தொடங்கியதிலிருந்தே வைத்து வைத்து எடுக்க வேண்டும். விட்ட அந்த நொடியிலிருந்து இன்னும் ஒரு சாயல் மட்டும் ஏற்றினால் போதும். இந்த வகைப் பட்டை பெரும்பாலும் சிலிக்கான் மாங்கனீசு எஃகு, இஎன் 45 என்பார்கள். 850 டிகிரி அளவு அதற்கு ஏராளம். அதற்கு மேல் போகப் போக மணி பெருக்கும்.

இரண்டாவது, வாயைக் காகிதமாக்கியது. மெலிந்த இடம் முதுகைவிட முன்னால் சூடேறும், முன்னால் குளிரும். அந்த இழுபறியில் வாய்தான் கிழியும். தோய்ச்சலுக்கு முன் வாய் ஒரு ரூபாய்க் காசு கனத்தில் இருக்கட்டும். மீதியைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அந்தக் குறுக்குக் கோடு. துணி கிழிக்கிறவர் முதலில் பல்லால் ஒரு நறுக்குப் போடுவாரே, அதே கதை. கடைசித் தேய்ப்பு நீளவாக்கில்தான்.

அடித்து முடித்ததும் நேரே தோய்ச்சலுக்குப் போனீர்களா? அதுவும் கூடாது. காந்தம் விடுகிற அளவுக்குச் சூடேற்றி, காற்றில் கருக்கும்வரை ஆறவிட்டு, இப்படி மூன்று முறை. அடியில் ஏறிய முறுக்கும் பெருத்த மணியும் இதில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

இப்போது உடனே இன்னொரு கொடுவாள் அடிக்காதீர்கள். அதே பட்டையில் விரல் நீளத்துக்கு நாலைந்து துண்டு வெட்டி, வெவ்வேறு சூட்டில் தோய்த்து உடைத்துப் பாருங்கள். ஒரு மாலை போகும். நான்கு ஞாயிறு மிஞ்சும்.

மானாமதுரைக்காரன், செவ்வாய் காலை 8.40

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'பட்டறையை எதுக்குடா இருட்டாக் கட்டியிருக்கோம், வெயிலுக்கு ஒதுங்கவா?' என்றார். எனக்கே இது இன்றுதான் உறைத்தது. எங்கள் பட்டறையில் உலை இருக்கும் மூலைக்கு ஜன்னல் கிடையாது. மற்ற வேலைக்கு வாசல் பக்கம் வருவார், தோய்ச்சல் என்றால் மூலைக்குப் போய்விடுவார். மழை மூட்டம் உள்ள நாளில் கை ஏமாறும் என்றும் சொல்வார், வெளி வெளிச்சம் மாறுவதால்.

தம்பியிடம் சொல்லச் சொன்னது: 'ரா வேளையில் செய்.'

தமிழ்_உருக்கு, செவ்வாய் மாலை 6.00

நொய்யல் கரையில் கொடுமணலில் நம் முன்னோர் உருக்கு செய்த உலைத் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணில் பிறந்துவிட்டு ஒரு கொடுவாளுக்கு இவ்வளவு தடுமாற்றமா!

சுடுபதம், செவ்வாய் மாலை 6.25

ஐயா, அவர்களும் ரவை ரவையாக உடைந்ததைக் குவித்துவிட்டுத்தான் கற்றிருப்பார்கள். அந்த உருக்கில் கார்பன் ஒன்று, ஒன்றரை சதவீதம். இந்தப் பட்டையில் ஏறக்குறைய அதில் பாதிதான். இரண்டுக்கும் பதம் வேறு. கொடுமணலுக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கம்மாலைக்காரன் (யாழ்ப்பாணம்), செவ்வாய் இரவு 9.15

எங்கள் பக்கம் பட்டறையைக் கம்மாலை என்போம். கருவேலக் கரி பொறி பறந்து கஷ்டப்படுத்தினால் சிரட்டைக் (கொட்டாங்குச்சி) கரியைக் கலந்து பாருங்கள். துண்டு சிறிதாக இருப்பதால் அலகைச் சுற்றி நன்றாக அடையும். காற்றைக் குறைத்துக் கொடுங்கள். ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால் இரும்பு உருகிப் பூப்பூவாக எரியத் தொடங்கிவிடும். எனக்கு ஒரு மண்வெட்டியின் மூலையே போய்விட்டது.

ரசவாதி, புதன் காலை 10.00

சட்டக் கேள்வி இன்னும் ஒன்று, கோபிக்க வேண்டாம். பன்னிரண்டு அங்குல அலகை வீட்டில் செய்யலாமா?

கேட்டு_கிரில், புதன் காலை 10.40

ஆயுதச் சட்டம் 1959, அதன் விதிகள் 2016. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைத்தவை விலக்கு. தென்னை மட்டை சீவுகிற கொடுவாள் விவசாயக் கருவி. அதையே வாள் மாதிரி நீட்டி, முனை கூர்ந்து, பிடிக்குக் காப்பு வைத்து, படம் எடுத்துப் போட்டு விற்றால் கதை வேறு. வெளியாருக்குச் செய்து கொடுத்தால் பேர், முகவரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் போலீஸ் அப்படித்தான் கேட்கிறது.

புதுக்கை, புதன் பகல் 12.15

நானும் தொடங்க ஆசைப்படுகிறேன். இதில் காசு வருமா?

கேட்டு_கிரில், புதன் பகல் 12.50

கேட், கிரில்லில் வரும். அங்கே எல்லாம் கிலோக் கணக்கு. உருட்டுக் கம்பிக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க, 0.89. பட்டைக்கு அகலம், கனம், 0.00785 மூன்றையும் பெருக்க வேண்டும். இவர் வாங்கிய பட்டை மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ.

காய்ச்சி அடிக்கிற வேலையைக் கிலோவுக்குப் பேசினால் பட்டினிதான். பதினான்கு அங்குலத் துண்டு இரண்டு கிலோகூட இல்லை, அதற்கு நான்கு ஞாயிறு. கடையில் தொங்குகிற அருவாள் விலையை வாடிக்கையாளர் தெரிந்துகொண்டுதான் வருவார். பூ வேலை கிரில், விளக்குத் தாங்கி, வளைவுக் கைப்பிடி மாதிரி அச்சில் கிடைக்காத வேலை எடுத்தால் தேவலை. முன்பணம் பாதி வாங்காமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

பின்கட்டுப் பட்டறை, ஞாயிறு இரவு 11.20 (நான்கு வாரம் கழித்து)

திரும்பி வந்துவிட்டேன்.

முதல் வாரம் துண்டுகள். ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, காந்தம் விட்டதும் ஒன்று, அதற்கு ஒரு சாயல் மேலே ஒன்று, நல்ல ஆரஞ்சில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. நான்கையும் எண்ணெயில் தோய்த்து உடைத்தேன். முதல் துண்டில் அரம் லேசாகக் கடித்தது, சரியாக இறுகவில்லை. இரண்டாவதில் அரம் கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கியது, முறிவு விபூதி. மூன்றாவது பொடி ரவை. நான்காவது மகள் சொன்ன உப்புமா ரவை. நான்கையும் வரிசையாக ஒரு மரப்பலகையில் ஒட்டி உலைக்கு மேலே மாட்டிவிட்டேன்.

எண்ணெய்க்கு 5 அங்குல எம்எஸ் பைப்பை பதினாறு அங்குலம் வெட்டி, அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். ஐந்து லிட்டர் பாமாயில் பிடித்தது. ஒழுகுகிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு அடுப்பில் வைத்து ஒரு சொட்டு இல்லாமல் காயவைத்தேன். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் நின்றால் பொங்கி முகத்துக்கு வரும் என்று மில்லில் பார்த்திருக்கிறேன். மேலே மூட ஒரு தகடு, பக்கத்தில் மணல் வாளி.

புதுக் கொடுவாள் மூன்று ஞாயிறில் வந்தது, ஒன்று மிச்சம். மூன்று முறை காற்றில் ஆறவிட்டேன். வாய் ரூபாய்க் காசு கனம். கோடெல்லாம் நீளவாக்கில். எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஏற்றிவைத்து நேற்று ராத்திரி தோய்த்தேன். மேலே ஒரு ஜுவாலை எழுந்தது, அலகு முழுவதும் உள்ளே போனதும் அடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 'டிக்' வரவில்லை. எடுத்தபோது முனை ஒரு நூல் வளைந்திருந்தது. கைச்சூடு ஆறுவதற்குள் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி நிமிர்த்தினேன்.

ஓடிஜியில் 250, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. அலகைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வைத்த புண்ணியத்தில் இன்று காலை பிரெட் பூராவும் பாமாயில் வாசனை. பட்டறைக்குத் தனியாக ஓடிஜி வாங்க வீட்டில் உத்தரவாகிவிட்டது.

மதியம் பதினோரு தென்னை மட்டை சீவினேன். வாய் அப்படியே இருக்கிறது. காய்ந்த கருவேலங்கட்டையில் வேண்டுமென்றே ஓங்கிப் போட்டேன். ஒரு இடத்தில் வாய் மடங்கியது, தெறிக்கவில்லை.

சுடுபதம், திங்கள் காலை 6.10

மடங்கினால் பிழைத்தது, கல்லில் இரண்டு இழுப்பில் சரியாகிவிடும். முதுகை மட்டும் கேஸ் டார்ச்சில் நீலம் வரும்வரை காட்டுங்கள். வாய் தண்ணீரில் நிற்கட்டும், சூடு அங்கே இறங்கக் கூடாது.

மானாமதுரைக்காரன், திங்கள் காலை 9.00

அப்பா படத்தைப் பார்த்தார். பிடி போட்டதும் இன்னொரு படம் வேண்டுமாம். காம்பைச் சுட்டு மரத்தில் இறக்கும்போது அலகின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார், இல்லாவிட்டால் கழுத்தில் பதம் போய்விடுமாம். பிடியின் வாயில் மாட்டுகிற பூண் (வளையம்) என்ன அளவு என்று கேட்கிறார்.

பின்கட்டுப் பட்டறை, திங்கள் காலை 9.20

முக்கால் அங்குல எம்எஸ் பைப்பில் ஒரு துண்டு, அண்ணா. ஜிஐ இல்லை.